சத்து மாத்திரை

பெங்களூரில் பகல் ஒரு மணிக்கு மேல் எதிர்ப்படுகிற எவரும் "ஊட்டா ஆய்தா?" என்றுதான் கேட்பார்கள். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. அது தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து இருக்கை மஞ்சுநாத்திடம், காரம் ஆகாது, பெருங்குடலில் புண், காலையிலிருந்து நாலு முறை ரத்தமாகப் போய்விட்டது என்று ஒப்பித்தேன். "சரி குரு" என்று நழுவிவிட்டான்; அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் குருதான். வீட்டில் மறைத்ததை முதன்முதலில் அவனிடம்தான் சொன்னேன்.

டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். சர்க்கரை ஏறலாம், எலும்பு தேயலாம், நீங்களாக நிறுத்தவே கூடாது என்று எச்சரித்தார். ரத்தம் நின்றது, கூடவே தூக்கமும் நின்றது. அகோரப் பசி. ஒரே மாதத்தில் கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. அந்த முகத்தோடு சொந்த ஊர் குடியாத்தத்துக்குப் போனால், தெருவே கூடி "பெங்களூர் தண்ணி ஒத்துக்கிச்சு" என்று மெச்சுகிறது! அம்மா என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய்ப் படம் எடுத்து, கூடத்தில் மாட்டினாள். இது இன்னா மாத்திரை என்று கேட்டதற்கு, சத்து மாத்திரை என்று சொல்லிவைத்தேன். தங்கை அமுதாவுக்கு வரன் பார்க்கிற வீட்டில் இந்த நோயின் பெயரை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீபாவளிக்குப் போனபோது அமுதாதான் கதவைத் திறந்தாள். ஒல்லிக்குச்சியாக இருந்தவளுக்கு என் முகம். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற அதே முகம். பையைக் கீழே வைக்காமலே அம்மாவிடம் போனேன்.

"இன்னாமா குடுக்கற இவளுக்கு?"

"உன் சத்து மாத்திரைதான்டா. நீ வுட்டுட்டுப் போன காலி அட்டைய காட்னா மெடிக்கல்ல குடுக்கறான். ஒரு மாசமா குடுக்கறேன், பாரு எப்டி பூசினாப்ல ஆயிட்டா! இவளையும் ஒரு படம் எடுத்து மாட்டிட்டேன்."

கத்தினேன். சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரன்மேல், அம்மாமேல், எல்லாரையும்விட என்மேல்தான் ஆத்திரம். எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "மாப்ள வூட்ல சொல்லிடாதடா." அதற்குப் பிறகுதான் அழுதாள். மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டப் போனவளைக் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதை அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அமுதாவை பெங்களூருக்கு அழைத்துவந்தேன். ரத்தப் பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. "ஸ்டாப் மாட்பேடி, ஸ்வல்ப ஸ்வல்ப கம்மி மாடி," நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க என்று சொல்லிவிட்டு, டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவர்தானே நீங்க?" என் காக்ஸ் டவுன் அறைச் சுவரில் அவர் எழுதித்தந்த இரண்டு சீட்டுகளை ஒட்டிவைத்து, வாராவாரம் இருவரும் அளவைக் குறைத்தோம். அவளுக்குச் சர்க்கரை இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது இருவர் முகமும் பழையபடி வற்றிவிட்டது. பெங்களூர் ஒத்துக்கொள்ளவில்லை, ஊரோடு வந்துவிடுங்கள் என்கிறது அதே தெரு. படங்களைக் கழற்றச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாயிற்று. போன முறை வீட்டுக்கு வந்த ஒருவர், படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்த எங்களைத் தாண்டிப் பார்த்து, "யாரும்மா இவங்க?" என்று கேட்டார்.

"எம் புள்ளைங்கதான்," என்றாள் அம்மா. "நல்லா இருந்தப்ப எடுத்தது."