நட்டுக்கு அடியில் மூன்று கை பூச்சு

1992 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கைப்பம்பில் எட்டுக் குடம் தண்ணீர் அடித்தேன். மாதா விண்ணேற்புத் திருநாள் என்பதால் மனைவி ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டாள். பால் காய்ச்சியது நான். எட்டு மணிக்கு, அம்பத்தூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கொடியேற்றம். ஒரு லட்டு கொடுத்தார்கள். ஒன்பதே முக்காலுக்குச் சைக்கிளில் திருமுல்லைவாயில் திரும்பி, லட்டில் பாதியை அவளுக்கு மூடி வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தேன்.

நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை எழுத அன்று நேரமில்லை.

வண்டி என் மாமனாருடையது. மனைவி பிறப்பதற்கு முந்தின வருடம் வாங்கிய கார். அவர் இறந்தபின் மூன்று மழைக்காலம் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. மூத்த மைத்துனர் அதைக் காயலாங்கடைக்குப் பழைய இரும்பாகப் போடப் பேசி முடித்தபோது இவள் மறித்தாள்.

"எனக்கு வேற எதுவும் வேணாம்ணா. அப்பா வண்டியைக் குடு."

அவர் சிரித்தார். "சரி. சின்னவ புது ஊட்டை மந்திரிக்கிற அன்னிக்கு அது தன் கால்ல பட்டாபிராம் வரட்டும். அங்கியே உன் பேருக்குக் கையெழுத்து போட்டுத் தரேன். வரலன்னா காயலாங்கடைதான். அப்பால மூக்கைச் சிந்திகினு நிக்காதே."

என்னிடம் தனியாகக் கேட்டார்: "இன்னா மாப்ள, தள்ளிகினு வருவீங்களா, மாட்டைக் கட்டி இட்டுகினு வருவீங்களா?"

'சின்னவள்' என்றது என் மனைவியின் தங்கையை. அவள் வீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்கப் பங்குச் சாமியார் வரும் நாள் ஆகஸ்ட் 16, ஞாயிறு, காலை பதினொரு மணி.

எஞ்சினை மெக்கானிக் ஜூனிலேயே சரிசெய்துவிட்டார். வண்டியின் அடிப்பக்கம் என் பொறுப்பு. பின்சக்கரங்களின் அச்சைத் தாங்கும் கமான் பட்டைகள் இரண்டும் துருவில் செதில் செதிலாக உரிந்தன. கழற்றினேன். மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, கறுப்பு எனாமல் இரண்டு கை. பட்டைகளுக்கு நடுவில் மெக்கானிக் சொன்னபடி கிரீஸ். தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக என் வேலையே பெயிண்ட் படாத இடத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு டார்ச்சும் கைப்பிடி வைத்த கண்ணாடியும் வைத்துக்கொண்டு சந்து பொந்தெல்லாம் பார்ப்பேன். அதே டார்ச், அதே கண்ணாடி வீட்டுக்கும் வந்தன.

பட்டைக்கு அடியில் நட்டுகள் உட்காரும் சின்னச் சின்னத் தகடுகள் துணிக்கொடியில் காய்ந்தன. அவள் புடவைகள் குளியலறைக் கதவில் காய்ந்தன. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும், "காஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். இடது பக்கத் தகட்டின் அடியில், நட்ட நடுவில், அவள் விரல் ரேகை பதிந்துவிட்டது. மறுபடி தேய்த்துப் பூச வேண்டும் என்று நான் கத்தினேன். பூசவில்லை.

ஆகஸ்ட் 9 அன்று எல்லாவற்றையும் நானே மாட்டி, ஸ்பானரைக் காலால் உதைத்து உதைத்து முறுக்கினேன். அன்றைய குறிப்பு இது: 'பூச்சு இல்லாத இடம் ஒன்றுகூட இல்லை. பட்டை அச்சின் மேல் உட்காரும் இடம், நட்டு உட்காரும் இடம் உட்பட மூன்று கை.' அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குச் சக்கரங்களை மாட்டி முடித்து, அவளையும் ஏற்றிக்கொண்டு, ஓட்டிப் பார்க்க அம்பத்தூர் பக்கம் கிளம்பினேன். ரயில்வே கேட்டில் பிரேக் போட்டேன். பின்னால் 'டொக்' என்றது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததா டொக்குங்குது?"

அடுத்த பிரேக்குக்கும் அதே சத்தம். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போகும் வேகத்தில் மெக்கானிக்கின் ஷெட்டுக்கு ஓட்டினேன்.

அவர் சாப்பாட்டுத் தூக்கை அப்போதுதான் திறந்திருந்தார். மூடி வைத்துவிட்டு அடியில் புகுந்தார். பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகள் பக்கத்துக்கு இரண்டு. மொத்தம் எட்டு நட்டு. ஸ்பானரை வைத்ததும் முதல் நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றியது. அவர் அதைக் கழற்றி, நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பூச்சு அப்பளம் போல் பொரிந்து வந்தது. அடியில் படுத்தபடியே என் மனைவியைக் கூப்பிட்டார்.

"அக்கா! சாரு நட்டுக்கு அக்குள்ல கூட பவுடர் போட்டு வுட்டுகீறாரு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"பெயிண்டு இரும்பு இல்ல சார், மெத்தை," என்றார் அவர். "வண்டி குலுங்க குலுங்க மெத்தை அமுங்கும். அமுங்கினா நட்டு லூசு. இரும்பு இரும்பு மேல ஒக்காரணும்."

"துரு பிடிக்காதா?"

"லேசா கிரீஸ் தடவி இறுக்கினா காத்து எங்க பூரும்? அதுக்கப்புறம் சுத்தி வர அடிச்சிக்குங்க, யாரு வாணான்னா?"

தொழிற்சாலையில் என் மேஜைக்கு வரும் உருப்படிகளிலும் போல்ட் துளைகளைச் சுற்றி வட்டமாக வெற்று இரும்பு தெரியும். பூசுவதற்கு முன் அந்த இடங்களில் டேப் ஒட்டிவிடுவார்கள். அந்த வட்டங்களைத் தள்ளிவிட்டு மற்ற இடங்களைப் பார்ப்பது என் வழக்கம். ஏன் விட்டிருக்கிறார்கள் என்று பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி எல்லாவற்றையும் பிரித்தார். நட்டும் பட்டையும் உட்காரும் இடங்களில் இருந்த பூச்சை இடது பக்கம் அவள் சுரண்டினாள், வலது பக்கம் நான். அவள் முடித்ததை நான் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்து, கடுகளவு கறுப்பு இருப்பதாகச் சொன்னேன்.

"கம்பெனில உங்களை எப்படித்தான் பொறுத்துக்கறாங்களோ," என்றாள். ஆனால் தேய்த்தாள். விரல் ரேகை இருந்த இடம் எந்த நட்டுக்கும் அடியில் வரவில்லை. அதை நாங்கள் இருவருமே தொடவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மெக்கானிக் கடைசி நட்டை இறுக்கினார். "ஆவடி வரைக்கும் போய்ட்டு வாங்க, திரும்பவும் ஒருவாட்டி முறுக்கறேன். காலைல எட்டையும் பாருங்க. ஒண்ணு அசைஞ்சிருந்தாலும் வண்டியை எடுக்காதீங்க. ரயில்ல போங்க."

ஆவடிக்குப் போய் வந்தோம். சத்தம் இல்லை. அவர் மறுபடி முறுக்கியதும், ஒவ்வொரு நட்டிலும் அதன் அடித்தகட்டிலும் சேர்த்து ஒரே கோடாக வெள்ளைப் பெயிண்ட் இழுத்தேன்.

"இதுக்கும் பெயிண்டா?" என்றாள் அவள்.

"நட்டு அசைஞ்சா கோடு உடைஞ்சுடும். நேரா இருந்தா அசையலன்னு அர்த்தம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேண்டுமென்றே ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி ஏற்றினேன்.

மறுநாள் ஞாயிறு, ஐந்து பத்துக்கு எழுந்தேன். பக்கத்தில் அவள் இல்லை. வழக்கமாகத் தொங்கும் ஆணியில் டார்ச்சும் இல்லை. வாசலில் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"எட்டும் நேரா இருக்கு," என்றாள்.

"ஸ்பானர் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன். ஒண்ணும் அசையல. நீங்களும் ஒருதரம் பாத்துடுங்க. இல்லன்னா பட்டாபிராம் வரைக்கும் புலம்பிகினே வருவீங்க."

நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். கைப்பம்புக்குப் போகாமல் அவள் பக்கத்தில் படுத்து, இடது பக்கத்தின் முதல் நட்டில் ஸ்பானரை வைத்தேன்.