உள்ளே அமுங்கும் லென்ஸ்

கொரட்டூரில் ஏரிக்குப் போகும் தெருவில், மாடி அறையில் உட்கார்ந்து பழைய கேமராக்களைப் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு நாள் ஒரு லென்ஸை என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளையின் மேல் வெள்ளிநிறப் பூச்சு. ஓரங்களில் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. இரண்டு விரலால் முன்பக்கம் இழுத்து லேசாகத் திருகினால் குழாய் மாதிரி வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். பூட்டைத் தளர்த்தி அமுக்கினால் உள்ளே போய்விடும். அமுங்கியிருக்கும்போது தைல டப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

“எடுத்துகினு போக்கா. பத்து நாளு வெச்சிரு. புடிச்சா துட்டு குடு, புடிக்கலியா, லென்ஸ குடு. உன் பீரங்கி அதுவரிக்கும் இங்கியே இருக்கட்டும்” என்றார்.

பீரங்கி என்று அவர் சொன்னது என் கேமராவில் மாட்டியிருந்த நீளமான லென்ஸை. அதைக் கழற்றி அடகுபோல் வைத்துக்கொண்டு புதியதை மாட்டிக் கொடுத்தார். அவரிடம் வியாபாரம் இப்படித்தான். ரசீது கிடையாது. உன் சாமான் அவரிடம், அவர் சாமான் உன்னிடம்.

விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வரும். ஆனால் பேருந்தில் திரும்பும்போது நான் யோசித்தது விலையைப் பற்றி அல்ல. எட்டு மாதமாக என் மகள் எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டவில்லை. இவ்வளவு சின்னதாக இருந்தால் காட்டுவாளா? இந்த லென்ஸை வாங்குவதா வேண்டாமா என்பது என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்விதான்.

கேமரா என் அப்பாவுடையது. அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். ஒரே மாதிரி வீடுகள், ஒரே பச்சைக் கதவுகள். வலப்பக்க வீட்டில் திருநெல்வேலிக்காரர்கள், இடப்பக்கம் தர்மபுரி, எதிரே தஞ்சாவூர். ஒவ்வொரு வீட்டிலும் குழம்புக்கு ஒரு வாசனை. காலைச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஸ்டாண்டிலிருந்து இறங்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பல வருடங்கள் தூங்கி எழுந்தேன்.

அப்பாவின் கேமராவிலும் அப்போது இப்படி உள்ளே அமுங்கும் லென்ஸ்தான் இருந்தது. யாரோ வெளிநாட்டுப் பொறியாளர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது என்று சொல்வார். அமுக்கிவிட்டால் கேமரா தட்டையாகி அவர் கால்சட்டைப் பையில் போய்விடும். ஆயுத பூஜையன்று ஊழியர்களின் குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பா எங்கே நிற்கிறார், எந்த இயந்திரத்தைத் தொடுகிறார் என்று நாங்கள் பார்க்க முடியும். கேமராவை மட்டும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இருந்த காவலர் ஒவ்வொரு வருடமும் அப்பாவின் பையைத் தட்டிப் பார்ப்பார்.

“இன்னா நைனா, பாக்கெட்ல டிபன் பாக்ஸா?”

“ஆமாம்பா. உனக்கும் ரெண்டு இட்லி வெச்சிருக்கேன்.”

“அத இங்க வெச்சிட்டு போ. நான் துன்னுகினே காவல் காக்கறேன்.”

அப்பா கேமராவை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வார். நாங்கள் உள்ளே போய், சந்தனம் வைத்த இயந்திரங்களைப் பார்த்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். வந்ததும் வாசலுக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் படம். எந்த வருடப் படத்தை எடுத்தாலும் எங்கள் கையில் பொரிப் பொட்டலம் இருக்கும்.

குவார்ட்டர்ஸில் யார் வீட்டிலாவது பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றால் படம் எடுக்க அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோ விளக்குக்கு முன்னால் விறைத்துப்போகிற பெண்கள் அவர் முன்னால் விறைக்கவில்லை. அவர் கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்திருப்பார். “இன்னைக்கு உங்க வீட்ல என்ன காய்?” என்று கேட்பார். அவர்கள் கத்தரிக்காய் என்று சொல்லி முடிப்பதற்குள் படம் எடுத்தாகிவிடும். வரன் வீட்டுக்கு அனுப்பிய பல படங்களில் குவார்ட்டர்ஸ் பெண்கள் கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அப்பா போன பிறகு ஒரு மழை வருடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கேமரா உடல் பிழைத்தது. லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்து கண்ணாடியையே அரித்துவிட்டது. நான்தான் அதன் பிறகு அந்த நீள லென்ஸை வாங்கி மாட்டினேன். நல்ல லென்ஸ்தான். ஆனால் அதை நீட்டினால் எதிரே இருப்பவர் தலைமுடியைச் சரிசெய்வார், இல்லாவிட்டால் எழுந்து போவார்.

என் மகள் எழுந்து போனாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அவள் கல்லூரி முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். பாரிவாக்கம் அருகே கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணலில் வண்டி சறுக்கியது. யாரோ ஒரு பால்காரர் அவளுடைய போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். “அம்மா, பயப்படாதீங்க” என்று அவர் ஆரம்பித்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்கு முன் எங்காவது உட்கார்ந்துவிடுகிறேன். தோளில் எலும்பு முறிவு, புருவத்திலிருந்து கன்னம்வரை தையல். ஆறு வாரத்தில் தோள் சேர்ந்துவிட்டது. தழும்பும் மெல்ல வெளுத்து வருகிறது.

அன்று மாலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து போனில் அவள் படத்தைத் தேடினேன். கடைசியாக எடுத்தது நான்கு மாதம் பழையது. அதிலும் பாதி முகம். யாருடைய பிறந்தநாளிலோ கேக்குக்குப் பின்னால் நிற்கிறாள். அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பியதும் அவளைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். தழும்புக்காக என்று நினைத்தேன். அதனால் அவள் தூங்கும்போது போனில் எடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

நூம்பலில் எங்கள் வீட்டு மேசையில் புதிய லென்ஸுடன் கேமராவை வைத்ததும் என் கணவர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“இதுல வர்றது போன்ல வராதா?”

“வராதுங்க.”

“அப்ப இதுக்கு முன்னாடி ஒண்ணு வெச்சிருந்தியே, அதுல வராதது இதுல வருமா?”

“சின்னதா இருக்கு. பையில போட்டுக்கலாம்.”

“பையில போட்டுக்கறதுக்கா இவ்ளோ விலை? கேரி பேக் ஆயிரம் வாங்கலாமே” என்றார். மகள் சிரித்தாள். அவள் சிரித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த நாள் கொரட்டூர் ஏரிக்கரையில் நான்கைந்து படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்து அவள் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கைப்பையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். எழுந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையும் கேமராவையும் ஒரு முறை பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காவலர், டிபன் பாக்ஸ், கத்தரிக்காய். அவள் மோவாயைத் தூக்கினாள். தழும்பு இருந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டினாள். ஒரு கட்டத்தில் சினிமா நடிகைபோல் கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, “நான் வெண்டைக்காய் சொல்லட்டுமாம்மா?” என்றாள். முப்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். ஃபிலிம் ரோல் தீர்ந்தது. எட்டு மாதத்தில் அவ்வளவு லேசான ஒரு காலை எனக்கு வாய்க்கவில்லை. வாங்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ரோலைக் கழுவி ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். நான்காம் நாள் படங்கள் என் மின்னஞ்சலுக்கு வந்தன. ஏரிக்கரையில் எடுத்தவை கண்ணாடி மாதிரி துல்லியம். கொக்கின் காலில் ஒட்டியிருந்த பாசிகூடத் தெரிந்தது. அதன் பிறகு வந்தவை எல்லாம் வெறும் புகை. பால்கனிக் கம்பி இருக்கும் இடத்தில் ஒரு கருமை, அவள் இருக்கும் இடத்தில் ஒரு வெளிர்நிறம். முப்பதும் அப்படியே.

எனக்குக் காரணம் புரியச் சில நிமிடங்கள் ஆயின. இந்த வகைக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் தனிச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். லென்ஸ் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் சன்னலில் காட்சி ஒரே தெளிவாகத்தான் இருக்கும். பையிலிருந்து எடுத்த அவசரத்தில் நான் லென்ஸை வெளியே இழுக்க மறந்திருக்கிறேன். அமுங்கிய லென்ஸோடு முழு ரோலையும் தீர்த்திருக்கிறேன். அப்பாவுக்கும் இது நடந்திருக்க வேண்டும். கழுவக் கொடுத்த சில ரோல்களைப் பற்றி அவர் பேசாமலேயே விட்டதும், நாங்கள் கேட்டால் “அது சரியா வரல” என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மகள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

“எல்லாம் போச்சுடி” என்றேன்.

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“லென்ஸ் உள்ள இருந்துச்சு. பார்த்தேன். எப்படி இழுக்கணும்னு கடைக்காரர் சொன்னதை நீதானே வந்த அன்னைக்கு அப்பாகிட்ட காட்டின.”

“தெரிஞ்சும் சொல்லலியா?”

“வராதுன்னு தெரிஞ்சதாலதான் உட்கார்ந்தேன்.”

தழும்பு சீக்கிரம் மறைந்துவிடும், டாக்டரே சொன்னார் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

“தழும்பெல்லாம் இல்லம்மா. காலேஜ்ல எல்லாரும் பார்க்கறாங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நீ கேமராவைத் தூக்கினா ஒரு மாதிரி பார்க்கற. ஆஸ்பத்திரில பார்த்தியே, அந்த மாதிரி. ஏதோ கடைசி போட்டோ எடுக்கறா மாதிரி. தூங்கும்போது போன்ல எடுக்கறதும் எனக்குத் தெரியும்.”

நான் என் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

“அன்னைக்கு நீ அப்படிப் பார்க்கல. தாத்தா கதை சொல்லிட்டிருந்த” என்றாள். பிறகு கேமராவை எடுத்து லென்ஸை இழுத்தாள், பூட்டினாள், மறுபடி அமுக்கினாள். அவளுக்கு அந்தச் சின்னச் சத்தம் பிடித்திருந்தது. “இதை வாங்கிக்கோம்மா. இது வெளிய வந்தா எனக்குத் தூரத்துல இருந்தே தெரியும். போன்ல எடுத்தா தெரியாது.”

பத்தாம் நாள் கொரட்டூருக்குப் போனேன். அவர் கொக்கின் படத்தைப் பார்த்துவிட்டு, “கண்ணாடி நல்லாத்தான் கீது. மீதி ரோல் இன்னா ஆச்சு?” என்றார்.

“இழுக்க மறந்துட்டேன்.”

“முப்பதா? நான் பதினாறு வரிக்கும் மறந்திருக்கேன். நீ நம்மளயே தூக்கி சாப்ட்டுட்டியேக்கா” என்று சிரித்தார். பணத்தைக் கொடுத்தேன். பீரங்கி அவரிடமே தங்கிவிட்டது. அதை விற்றுத் தரச் சொன்னேன்.

மகள் தூங்கும்போது எடுத்த படங்களை அன்றிரவு போனிலிருந்து அழித்தேன். எளிதாக இல்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, அதையும் அழித்தேன்.

இப்போது கேமரா சாப்பாட்டு மேசையில், லென்ஸ் உள்ளே அமுங்கியபடி கிடக்கிறது. அதை இழுப்பது அவள் வேலை என்று பேசி வைத்துக்கொண்டோம். மூன்று வாரம் அவள் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அவள் வண்டி சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் இன்னும் வாசல்வரை போய் நிற்கிறேன்.

நேற்று மதியம் அவள் லென்ஸை இழுத்துப் பூட்டி என் கையில் கொடுத்தாள். “முதல்ல அப்பாவை எடு” என்று கிசுகிசுத்தாள். என் கணவர் செய்தித்தாளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்று எடுத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முதலில் என்று சொன்னாளே, அடுத்தது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

கேட்கவில்லை. பூட்டைத் தளர்த்தி லென்ஸை உள்ளே அமுக்கினேன். அவள் நகராமல் என் தோளிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.