ஒன்பது டேக்

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. யாராக இருந்தாலும் வயிறு எரியத்தான் செய்யும்.

அவரிடம் நூற்றுப் பதினேழு இசை உருளைகள் இருந்தன. தட்டு வடிவ ரெக்கார்டுகள் பரவும் முன்பு பாட்டைப் பதிந்து வைத்த, டம்ளர் அளவு உருளைகள். அதில் நூற்றுப் பதினாறு கெட்டியானவை, எத்தனை முறை போட்டாலும் தாங்கும். ஒன்று மட்டும் மெழுகு. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு ஜாஸ் குழுவைத் தன் வீட்டுக் கூடத்தில் வாசிக்கவைத்துப் பதிந்தது. இன்னொரு பிரதி கிடையாது. மொத்தம் இரண்டே நிமிஷம். முதல் நிமிஷம் ஒரே அமர்க்களம், அப்புறம் கிளாரினெட்காரன் தனியாகப் புகுந்து விளையாடுவான்.

மெழுகில் ஊசி ஓடினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். ஆகவே வருஷத்துக்கு ஒரே தடவைதான் போடுவார். கையைக் கழுவி, அறைக் கதவைச் சாத்தி, உருளையின் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்து, தன்னந்தனியாகக் கேட்பார். மனைவிக்கு ஒரே உத்தரவுதான்: "அதைத் தொடாதே." பதினொரு வருஷம் இப்படி ஓடியது. அடுத்த மாதம் ஆவணக் காப்பகத்துக்காரர்கள், மெழுகைச் சுரண்டாத மிஷினோடு வந்து பிரதி எடுப்பதாக நாள் குறித்திருந்தார்கள். இனி அதுவரை தாங்கினால் போதும்.

அதற்குள் மச்சினன் வந்து சேர்ந்தான். வீடியோ எடுத்துப் போடுவதுதான் அவன் பிழைப்பு. மாமா வேலைக்குப் போன நேரம் பார்த்து, பூட்டியிருந்த அறையைத் திறந்து, அந்த மெழுகு உருளையைப் பாட்டுப் பெட்டியில் மாட்டி ஓடவிட்டு, பக்கத்தில் நின்று தலையாட்டி நடித்திருக்கிறான். முதல் டேக்கில் முடி சரியில்லையாம். இரண்டாவதில் யாரோ காலிங் பெல் அடித்தார்களாம். ஒன்பது டேக்! அந்த மூஞ்சிக்கு ஒன்று போதாதா?

சாயங்காலம் வந்தவர் ஊசிக்குக் கீழே மாவு மாதிரி மெழுகுத் தூளைப் பார்த்தார். ஒரு தடவை போட்டுப் பார்த்தார். எண்ணெய் பொரிகிற சத்தம்தான் வந்தது. உடனே மச்சினனுக்குப் போன் போட்டு விஷயத்தைக் கறந்தார்.

"முதல் டேக்கை அனுப்புடா. அதுலயாவது சத்தம் இருக்கும்."

"அழிச்சிட்டேன் மாமா, போன்ல இடம் இல்ல. வீடியோவுலயும் வேற மியூசிக் போட்டுட்டேன். அது ஒரே கரகரன்னு இருந்துச்சு."

போனைச் சுவரில் அடிக்காதது அவருடைய பெரிய மனசு. கூடத்துக்கு வந்து கத்தினார்.

"அறைச் சாவிய அவனுக்கு யார் குடுத்தது?"

"நான்தான்," என்றாள் மனைவி. "நானும் உள்ள உக்காந்து கேட்டேன். பதினொரு வருஷமா கதவுக்கு வெளிய நின்னு கேட்டவ, நேத்தா இன்னைக்கா? அந்தக் கிளாரினெட் வர்ற இடம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? ஆறாவது தடவையோட அது வரல."

"ஆறாவதுலயே தெரிஞ்சிருக்கு. அப்பவே நிறுத்தச் சொல்லக் கூடாதா? போடப் போட தேயும்னு தெரியாது உனக்கு?"

"தொடாதேன்னு சொன்னீங்க. நான் தொடவே இல்ல, அவன்தான் மாட்டினான். தேயும்னு எங்கிட்ட என்னைக்குச் சொன்னீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் அப்படிச் சொன்ன நாள் ஒன்றுகூட அகப்படவில்லை.