சென்னியம்மாளின் அம்மாபேட்டை யாத்திரை

இதை எழுதுகிறவன் சென்னியம்மாளை முதலில் பார்த்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மளிகை வியாபாரி கட்டிவைத்த சத்திரத்தில். அது 1936 ஐப்பசி. ராசிபுரத்துக்குத் தெற்கே, ஏர் பிடித்த கைகளைத் தவிர வேறு எதையும் அறியாத வம்சத்தில் பிறந்து, திருச்சியில் பி.ஏ. பாஸ் செய்து, உத்தியோகம் தேடி வந்திருந்தான். உத்தியோகம் தருவதாகச் சொன்ன பெரிய மனிதர் ஊரில் இல்லை. சத்திரத்திலோ வழிப்போக்கர் யாரானாலும் மூன்று இரவுதான். நாலாம் நாள் காலையில் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, அடுத்து எங்கே போவது என்று விழித்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, தலையில் ஒரு மூட்டை.

"மூணு ராத்திரி முடிஞ்சுதுங்களா, சாமி?"

"முடிஞ்சுது."

"எங்களுக்குந்தானுங்க. எந்திரிங்க, கூடவே போயரலாம்."

"நான் பி.ஏ. பாஸ் பண்ணினவன்" என்றான். அந்த இடத்தில் அதை எதற்குச் சொன்னான் என்பது இன்றுவரை அவனுக்கே தெரியாது.

"அப்படீங்களா! நல்லாருங்க. அப்ப நீங்க இவனைத் தூக்கிக்கங்க. கொஞ்சம் கனம்" என்று பச்சமுத்து என்னும் நாலு வயதுக் குண்டுப் பையனை அவன் தோளில் ஏற்றிவிட்டாள். பையன் கோட்டுக் காலரை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதற்குமேல் மறுத்துப் பேச மூச்சு இல்லை.

சென்னியம்மாள் சங்ககிரிப் பக்கத்துக்காரி. மேட்டூர் அணை வேலைக்குப் போன புருஷன் கல் சரிந்து இறந்துபோனான். குடியிருந்த குடிசை பண்ணையக்காரருடையது. ஆள் போனதும் குடிசையும் போயிற்று. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சேலத்துக்கு நடந்து வந்தாள். செவ்வாய்ப்பேட்டைச் சத்திரத்தில் மூன்று இரவு படுத்தாள், வெளியே அனுப்பினார்கள். ஊரின் மறுகோடியில், அம்மாபேட்டையில், நெசவாளர்கள் தெருவில் சத்திரம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனாள். அங்கும் மூன்று இரவுதான். மறுபடி செவ்வாய்ப்பேட்டைக்கே வந்து நின்றாள்.

"நீ போன வாரம் வந்தவதானே?" என்றான் அங்கிருந்த காவல்காரன்.

"ஆமாங்க. போயிட்டு வந்துட்டனுங்க."

காவல்காரன் யோசித்துப் பார்த்தான். வந்தவள் போனாள், போனவள் வந்தாள். வழிப்போக்கர் என்றால் வேறென்ன? கதவைத் திறந்துவிட்டான்.

இப்படியாகச் சென்னியம்மாளுக்குச் சேலத்தில் வாடகையில்லாத வீடு ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது. செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் நாட்களில் மளிகை மண்டிகளுக்குப் புளி கொட்டை நீக்கிக் கொடுப்பாள். அம்மாபேட்டையில் இருக்கும் நாட்களில் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். வருஷங்கள் போகப் போக அவள் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். புருஷன் செத்தவள், புருஷன் துரத்தினவள், புருஷன் எங்கே என்றே தெரியாதவள், அவரவர் குழந்தைகள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் சென்னியம்மாள் நடப்பதை விடவில்லை. யாருக்கும் உதவி செய்வதாக அவள் சொல்லிக்கொண்டதும் இல்லை. கேட்டால், "நானு போறேன், அவுங்களும் வாராங்க" என்பாள்.

அன்றைக்குக் கிளம்பிய கூட்டத்தில் ஏழு தாய்மார். ஒருத்தி ராசாத்தி, தோளில் கனத்துக்கொண்டிருந்த பச்சமுத்துவின் அம்மா, நிறைமாதக்காரி. சத்திரத்தில் கேட்டால் பழனி யாத்திரை என்று சொல்வது அவர்கள் வழக்கம். சாலையில் தெரிந்த முகங்கள் எல்லாம் அதைச் சொல்லிக் கேலி பேசின.

"என்ன சென்னியம்மா, இன்னைக்கும் பழனிதானா?" என்று மிட்டாய்க் கடை மாதையன் கூவினான்.

"ஆமாங்க."

"பழனி அந்தப் பக்கமல்ல இருக்குது!"

"நாங்க சுத்திப் போறமுங்க."

மாதையன் சிரித்துக்கொண்டே குழந்தைகளுக்கு உடைந்த கடலை மிட்டாயை அள்ளிக் கொடுத்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் இந்த மிட்டாயும் உண்டாம்.

ஆனால் சென்னியம்மாள் அன்று வாயால்தான் சிரித்தாள். அம்மாபேட்டைச் சத்திரத்தின் காவல்காரர் கண்ணுசாமி முதல்நாளே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். தாத்தா கட்டிய சத்திரத்தை இத்தனை நாள் கண்ணுசாமியிடம் விட்டிருந்த வீரபாகு முதலியார், காசிக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். வந்ததும் வராததுமாகச் சத்திரத்தின் எட்டுத் தூணிலும் குழந்தைத் துணி காய்வதைப் பார்த்துவிட்டார். இனி வாசலில் தாமே நாற்காலி போட்டு உட்காரப்போகிறாராம்.

அம்மாபேட்டைக் கதவு மூடினால் செவ்வாய்ப்பேட்டைக் கதவும் மூடின மாதிரிதான். போய்வர ஓர் இடம் இல்லாதவள் எப்படி வழிப்போக்கர் ஆவாள்? மழைக்காலம் வேறு. ராசாத்திக்காகச் செவ்வாய்ப்பேட்டையில் கூட ஓர் இரவு கேட்கலாமே என்று இதை எழுதுகிறவன் யோசனை சொன்னான்.

"அது ஆகாதுங்க சாமி. சட்டத்தைப் புடிச்சுத்தானுங்க இத்தன வருசம் குடியிருந்தோம். நாமளே அதை முறிச்சா, அப்பறம் எதைப் புடிக்கறது?" என்றாள்.

திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் ராசாத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நூல் மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரன் அங்கமுத்து வண்டியை நிறுத்தினான்.

"ஏனுங்கக்கா, அதுக்குள்ள பழனி வந்துருச்சா?"

"வாயை மூடிக்கிட்டு மூட்டையைத் தள்ளிப் போடுடா" என்றாள் சென்னியம்மாள். ராசாத்தி நூல் மூட்டைகளின்மேல் மகாராணி மாதிரி அம்மாபேட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் முதலியார் உட்கார்ந்திருந்தார். வெண்பட்டு வேட்டி, மேலே சரிகைக் கரை போட்ட அங்கவஸ்திரம். பக்கத்தில் கண்ணுசாமி, தமக்கும் அந்தச் சத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"எங்கேயிருந்து வருகிறீர்கள்?"

"மேற்கேயிருந்துங்க."

"எங்கே போகிறீர்கள்?"

"பழனிக்குங்க."

முதலியார் அவளை விட்டுவிட்டு, இதை எழுதுகிறவன் தோளில் இருந்த பச்சமுத்துவைக் கேட்டார். "நீ சொல்லுடா தம்பி. இங்கேயிருந்து எங்கே போவாய்?"

"செவ்வாப்பேட்டைக்கு."

"அப்புறம்?"

"இங்கதான்" என்றான் பச்சமுத்து, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"கேட்டாயா கண்ணுசாமி? ஒரு ஊருக்குள்ளேயே ஒரு யாத்திரை!"

"ஏனுங்க மொதலாளி, இத்தன மைலு நடந்தாத்தான் வழிப்போக்கருன்னு உங்க தாத்தா சொன்னாருங்களா?" என்றாள் சென்னியம்மாள். "கால் நோவு எங்களுக்கும் அதே நோவுதானுங்க."

முதலியார் நியாயம் பார்க்கிற மனிதர். அதனால் தாத்தாவின் சட்டத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்குள் ராசாத்தி அலறினாள். சென்னியம்மாள் அவளைக் கைத்தாங்கலாகப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவளுடைய உத்தரவுகள் பறந்தன.

"வெந்நி! அங்க நிக்கறது யாருங்க, வெந்நி கொண்டாங்க!"

அங்கே நின்றது முதலியார். காசிக்குப் போய் வந்த மனிதர் அடுப்பில் ஊதுகுழலை வைத்து ஊதினார். எதிர்வீட்டிலிருந்து அவர் மனைவி தெய்வநாயகி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.

"துணி! சுத்தமான துணி, சீக்கிரம்!"

வழிப்போக்கர் துணியெல்லாம் ஐப்பசி மழைக்குக் காயாமல் ஈரம். முதலியார் நாலு பக்கமும் பார்த்தார். தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை உருவிக் கதவிடுக்கில் நீட்டினார். உள்ளே குழந்தை வீறிட்டது.

பெண்குழந்தை. சரிகைக் கரையில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டினாள் சென்னியம்மாள். முதலியார் குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"சந்தோஷம். ஆனால் சட்டம் சட்டம்தான். மூன்று இரவு."

"ஆமாங்க. புள்ளை இப்பத்தானுங்க வந்துது. ரொம்பத் தூரத்துல இருந்து. இதை வழிப்போக்கர் இல்லைன்னு சொல்லீருவீங்களா?"

வாசலில் கூடியிருந்த தறிக்காரர்கள் சிரித்தார்கள். தெய்வநாயகி சிரிக்கவில்லை. அங்கவஸ்திரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, குழந்தைக்கு மொதத் துணி யாருது?"

"என்னுடையதுதான். அவசரத்துக்கு..."

"மொதத் துணி தாய்மாமன் போடறது. அவசரத்துக்கோ ஆசைக்கோ, போட்டாச்சு. கூடப்பொறந்தவளை நாலாம் நாள் தெருவுல இறக்கினான்னு நாளைக்கு இந்தத் தெரு பேசுமே, கேட்டுக்கிட்டு இருக்க எனக்கு முடியாது. நீங்க வேணா மறுபடியும் காசிக்குப் போயிருங்க."

"மாமன் சீர் எப்பங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அங்கமுத்துவின் குரல் மாதிரி இருந்தது.

முதலியார் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தாத்தாவின் சட்டத்தையும் மீற முடியாது, தாய்மாமன் முறையையும் மீற முடியாது. மூன்று இரவும் அதே யோசனையாக இருந்தார் என்று கண்ணுசாமி பிறகு சொன்னார். நாலாம் நாள் காலை, சத்திரத்துப் பின்கட்டுச் சுவரை இடிக்க இரண்டு ஆட்களோடு வந்தார்.

"சத்திரத்தில் மூன்று இரவுதான். அதில் மாற்றம் இல்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்திரம் கிடையாது. அது என் பழைய சாயப்பட்டறை. அங்கே எனக்குத் தாத்தா இல்லை" என்றார்.

பட்டறையில் கூரை பாதிதான் இருந்தது. தறிக்காரர்கள் மூங்கிலும் ஓலையும் கொண்டுவந்து போட்டார்கள். மாதையன் ஒரு தகரக் கதவு அனுப்பினான், மிட்டாய்க் கடை விளம்பரம் எழுதினபடியே. சாயத் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து அவற்றின்மேல் சமையல் பாத்திரங்களை அடுக்கினார்கள். சென்னியம்மாள் வாசற்படியில் நின்று, உள்ளே போகாமல் தயங்கினாள்.

"இங்க எத்தன ராத்திரிங்க?"

"எண்ண வேண்டாம்" என்றார் முதலியார்.

முதல் வாரம் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. நாலாம் நாள் விடிந்ததும் பழக்கத்தில் மூட்டையைக் கட்டிவிட்டாள். அவிழ்த்து வைக்கச் சொன்னதற்கு, "கால் கேக்க மாட்டேங்குதுங்க" என்று செவ்வாய்ப்பேட்டைவரை சும்மா நடந்து போய் மாதையனைப் பார்த்துவிட்டு வந்தாள். வரும்போது தெருவில் புதிதாக ஒருத்தி, கையில் குழந்தையோடு நின்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது 1944. பெரிய மனிதர் அந்த வருஷமே ஊர் திரும்பினார், உத்தியோகம் கிடைத்தது. இதை எழுதுகிறவன் சேலத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாக இருக்கிறான். பச்சமுத்து பட்டறையில் தங்கி அவனிடம் படிக்கிறான், கனம் குறையவில்லை. ராசாத்தி ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் வேலை செய்துகொண்டு, வாடகை வீட்டில் இருக்கிறாள். அவள் மகளுக்கு மாமன் சீர் தீபாவளிக்குத் தவறாமல் போகிறது. சென்னியம்மாள் அதே பட்டறையில் இருக்கிறாள். அவளோடு இன்றைக்கு ஐந்து தாய்மாரும் பதினோரு குழந்தைகளும் இருக்கிறார்கள்.