காலியாக மறுத்த குப்பைத்தொட்டி

ஏழாம் தரத்துக்கு விஞ்ஞான வினாத்தாளைத் தட்டச்சு செய்து முடித்த நேரம் பார்த்து, சேமிக்க இடமில்லை என்றது கொம்பியூட்டர். பழைய படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் அள்ளித் திரையிலுள்ள குப்பைத்தொட்டியில் போட்டேன். தொட்டியைக் காலியாக்கினால்தானே இடம் வரும்? அது காலியாகவில்லை. சில கோப்புகள் பூட்டப்பட்டிருக்கின்றனவாம்.

கணவரிடம் கேட்டேன். எந்த மின்சாரச் சாமானுக்கும் நிறுத்திவிட்டு மறுபடி போடுவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். வினாத்தாளை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு அப்படியே செய்தேன். பலனில்லை. இணையத்தில் தேடியபோது, ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பூட்டியதும் அழிந்துவிடும் என்று போட்டிருந்தது. விரலை வைத்துவிட்டேன். அப்போதுதான் யோசனை வந்தது: நான் எதையும் பூட்டவில்லையே, பூட்டியது யார்?

தொட்டியைத் திறந்து பார்த்தேன். என் படங்களுக்கு நடுவே நாற்பது சொச்சம் வீடியோக்கள், பெயருக்குப் பதிலாக வெறும் இலக்கங்கள். ஒன்றை வெளியே இழுத்து ஓடவிட்டேன். மணமகளை அழைத்து வருகிறார்கள். அவளைப் பெற்ற வாப்பா ஒரு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கிறார்.

என் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், கல்முனையில் கலியாண வீடியோ எடுப்பவர். பக்கத்து ஊர் சாய்ந்தமருதில் எடுத்த ஒரு கலியாணம் முழுதும் காணாமல்போய், ஒரு கிழமையாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் கடைக் கொம்பியூட்டரை அலசித் தேடியும் கிடைக்கவில்லை. பெண் வீட்டாரிடம் வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் கடற்கரைப் பாதையால் போய்வந்துகொண்டிருந்தார். அது காணவில்லை என்று தெரியவருவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், தன் ஹார்ட் டிஸ்க்கை என் கொம்பியூட்டரில் மாட்டிப் பழையதுகளை அழித்துவிட்டு, அதிலிருக்கும் காட்டூன்களை என் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று விட்டுப்போயிருந்தார். அது இன்னும் மாட்டியபடியே இருந்தது.

ஃபோன் எடுத்தேன்.

"காக்கா, சாய்ந்தமருதுக் கலியாணம் எங்கட குப்பைத்தொட்டிக்குள்ள கிடக்கு."

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"ஒண்டையும் தொட்டிராத புள்ள. வாறன்."

காற்சட்டை அயன் பண்ணாமல் வாசல் தாண்டாதவர் வீட்டில் உடுத்திருந்த சாரத்தோடு வந்து இறங்கினார். வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கதிரையில் சாய்ந்தார். யாரும் கைவைக்கக்கூடாது என்று கலியாணத்தன்றே பூட்டி வைத்தவர் அவர்தானாம். பழையதுகளோடு சேர்த்து இதையும் தெரியாமல் அழிக்கும்போது, இது பூட்டியது, நிச்சயமா என்று கொம்பியூட்டர் கேட்டதாம். வாசிக்காமலே ஓம் என்று அழுத்தினாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன்.

"அந்த வாப்பாட முகத்தப் பாத்து என்னத்தச் சொல்ற எண்டு இரிந்தன்" என்றார்.

வீடியோக்களைத் திரும்ப எடுத்து டிஸ்க்கைக் கழற்றியதும் தொட்டி ஒரே அழுத்தலில் காலியானது. வினாத்தாளை ஃபோன் படத்தைப் பார்த்து முதலிலிருந்து அடித்தேன்.

போன மாதம் அந்த மணமகளைப் பெற்ற உம்மாவைச் சந்தையில் கண்டேன். வீடியோ நல்ல வடிவாம், உங்கட காக்கா தாறதுக்குத்தான் கொஞ்சம் சுணங்கிப்போனார், அதுதான் குறை என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு மீன் பக்கம் நகர்ந்தேன்.