கேன்சல் பட்டனும் சகாயமேரி அக்காவும்

போன் செயலி எழுதுகிற எங்களுக்கு உடனே நடக்கிற வேலையால் தொல்லை இல்லை. சிக்னல் வந்ததும் செய்யலாம் என்று போன் தனக்குள் வரிசை கட்டி வைக்கிற வேலைதான் ஆளைப் படுத்தும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, எல்லாருக்கும் தகவல் அனுப்பும் செயலி எழுதிக் கொடுத்தேன்.

விடாத அழைப்பு

தையல் பிரிவு சூப்பர்வைசர் சகாயமேரி அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஞாயிறு வேலை உண்டு என்று டெய்லர்களுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். உள்ளே சிக்னல் இல்லை. போகவில்லை என்று நினைத்து அனுப்பும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். டீ குடிக்க வெளியே வந்ததும் வரிசையில் நின்ற அத்தனையும் பாய்ந்துவிட்டன. ஞாயிறன்று, லீவு சொல்லியிருந்த டெய்லர் ஒருவரும் வந்து நின்றார். ஏன் என்று அக்கா கேட்டதற்கு அவர் சொன்னார்: "எம் பொண்டாட்டிகூட என்னைய இத்தனை வாட்டி கூப்பிட்டதில்லக்கா."

நீலமா, சிவப்பா

ஒரே தகவல் இரண்டு தடவை வரிசையில் நிற்காதபடி திருத்தினேன். கேன்சல் பட்டனும் வைத்தேன். அதில் முதலில் மாட்டியவர் முதலாளி செல்வராஜ் அண்ணன். துணிக்கு நீலம் போடச் சொல்லிச் சாயப்பட்டறைக்கு அனுப்பினார். அடுத்த நிமிடமே சரக்கு வாங்குகிற பையர் சிவப்பு என்று மாற்ற, கேன்சலை அமுக்கினார். திரையில் 'ரத்து' என்று வந்தது. நான் எழுதியதோ காத்திருக்கிற வேலையை மட்டும் நிறுத்தும். கிளம்பிவிட்டது போய்ச் சேர்ந்தே தீரும். நான் இதைச் சொன்னதும் அண்ணன் பட்டறைக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. என்னையும் காரில் போட்டுக்கொண்டு அண்ணன் பறந்தார். அங்கே கரண்ட் இல்லை. துணி வெள்ளையாகவே கிடந்தது. அண்ணன் ஒரு மூச்சு விட்டுச் சிரித்தார்: "ஏனுங்க தம்பி, உங்க கேன்சலைவிடக் கரண்ட் கட்டு நல்லா வேலை செய்யுதுங்க."

எல்லாம் ரத்து

ரோஷத்தில் கேன்சலைப் பலமாக்கினேன். கொஞ்சம் அதிகப் பலம். மகள் கல்யாண அழைப்பைச் செயலியில் போட்டுவிட்டுச் சிக்னலுக்குக் காத்திருந்த அக்கா, தப்பாகப் போட்ட ஒரு ஷிப்ட் தகவலை ரத்து செய்தார். வரிசையில் இருந்த எல்லாமே போய்விட்டது, அழைப்பும் சேர்த்து. யாருக்கும் அழைப்பு வரவில்லை என்று தெரிந்தபோது கல்யாணம் நெருங்கிவிட்டது. அக்காவுக்கு முகமே செத்துவிட்டது. என் ஸ்கூட்டரில் இருவரும் போய், டெய்லர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கினோம். நேரில் வந்து கூப்பிட்டதில் எல்லாருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்று சர்ச்சில் நிற்க இடமில்லை. பந்தியில் என் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கேன்சல் பட்டன மட்டும் சரி பண்ணிராத தம்பி, எனக்கு இன்னொரு மவளும் இருக்கா."

இப்போது செயலி, ரத்து செய்யச் சொன்னதை மட்டும்தான் ரத்து செய்கிறது, அதனால் கம்பெனியில் யாரும் என்னைத் தேடுவதில்லை என்பதுதான் குறை.