தொண்ணூற்றைந்து டிகிரி

சேலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஏற்காட்டில் அறிவியல் நடத்தும் டீச்சர் நான். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற கேள்விக்கு, நாகலூர் மாணவி ஒருத்தி தொண்ணூற்றைந்து என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டேன்.

“ஏனுங்க டீச்சர், லேப்ல தெர்மாமீட்டர் வெச்சு நானே பார்த்தனுங்க.”

“புஸ்தகத்தைவிட நீ பெரிய ஆளா கண்ணு?” என்றேன். வகுப்பே சிரித்தது.

மாலையில் பஸ் ஏறுமுன் பள்ளி லேபில் நானே தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். பாதரசம் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. மலைமேல் காற்றழுத்தம் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அந்தப் பாடத்தை நடத்தியவளே நான்தான்! மறுநாள் காரணம் எதுவும் சொல்லாமல் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். வகுப்பின் முன் தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

அடுத்த தேர்விலும் அதே கேள்வி வந்தது. அவள் நூறு என்று எழுதியிருந்தாள். கண்ணால் பார்த்ததை நம்பாதே என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.